முரசுக்குள் மூன்று நகக்குறி

"தோலக் கழட்டியே கொண்டாந்துட்டேம்மா. உள்ள விரிசலு ஓடுது பாரு. ஆடி வெள்ளிக்குள்ள அடச்சிக் குடுத்துடு."

கலியமூர்த்தி சாக்கைப் பிரித்து மண்முரசின் குடத்தை மேசைமேல் வைத்தார். கம்மாபுரம் பக்கத்தில், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம்மாறிய ஊர்க்காரர். குடத்தின் கழுத்தில் ஓர் அட்டை: 'கோயில் முரசு. நூற்றிருபது வருடப் பழமை.'

பீங்கான் கம்பெனியில் குடம் வனையும் சிவசங்கரி உள்ளே கைவிட்டாள். அடியில் மூன்று நகப்பள்ளங்கள். சூளையில் வெடித்தால் யார் செய்தது என்று தெரிய, ஈரத்திலேயே ஆளுக்கொரு குறி வைப்பது அங்கே வழக்கம். மூன்று நகம் அவளுடையது.

"எங்கங்கய்யா வாங்குனீங்க?"

"பழைய வாத்தியக் கட வெச்சிருக்காரே திலீபன், அவருகிட்டதான். புதுக் கோயில்ல எல்லாமே புதுசா இருக்குது. இது ஒண்ணாவது பழசா இருக்கட்டும்னு ஊரே சேந்து வாங்குனோம்."

'மாதிரி முரசு' என்றுதான் இங்கிருந்து திலீபன் கடைக்குப் பில் போகும். அங்கே என்ன அட்டை தொங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை.

முதலாளி பாலகிருஷ்ணன் அட்டையைப் பார்த்தார். "பசைய வெச்சி அனுப்பு, சங்கரி. திலீபனுக்கு நாப்பது குடம் காயுது. நெனப்புல இருக்கட்டும்."

"பசை நிக்குமாம்மா?" என்றார் கலியமூர்த்தி.

"சும்மா வெச்சிருந்தா நிக்கும். அடிக்கிறப்ப ஒடஞ்சா என்னங்கய்யா செய்வீங்க?"

"அந்தப் பேச்ச எடுக்காத. அம்மன் எடத்த மாத்துனது குத்தம்னு பாதிப் பேரு சொல்லிக்கிட்டு இருக்கான். திருவிழாவுல இது ஒடஞ்சா, அம்மனே சொல்லிட்டான்னு எழுந்து போயிடுவான்."

சிவசங்கரி பசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு பிடி ஈரமண்ணில் மூன்று விரல் நகங்களைப் பதித்து நீட்டினாள்.

"இதத் தொட்டுப் பாருங்க. அப்புறம் குடத்துக்குள்ள கைய வுடுங்க."

விட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"மாசியில நான் செஞ்சதுங்க."

"ஒரு மாசமா உன் நகத்துக்குத்தான் சூடம் காட்டிக்கிட்டு இருந்தமா?"

"வேற ஒண்ணு வனையிறேங்கய்யா. ஆடிக்குள்ள சூளையிலேருந்து எறங்கிடும். இதே தோலக் கட்டிக்கலாம்."

"அந்த நாப்பதும் நின்னு போனா உனக்கு வேல இல்ல. புரியுதா?" என்றார் பாலகிருஷ்ணன்.

"புரியுதுங்க. இந்த ஒண்ண மட்டும் சூளையில ஏத்திட்டுப் போறேன்."

முதலாளி அறைக்குள் போனார். கலியமூர்த்தி அட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அறுக்காதீங்க. கடைக்காரரு கையால எழுதுனது. கேக்கப் போறப்ப அதுதான் பேசும்."

"நீயும் வந்து பேசுவியா?"

"வரேங்க."

அவள் சக்கரத்தில் மண்ணை வைத்தாள். அவர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குடம் எழுந்து வந்ததும், வழக்கப்படி குறி வைக்க அவள் கை உள்ளே போனது.

"உள்ள வேணாம்மா," என்றார். "வெளிய வையி. ஊரு பாக்கட்டும்."