ஒரு கட்டை கீழே

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. மண்டபத்துக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், எங்கள் வேனுக்குள் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரைத் தாண்டி சொல் வராது, கிதார் வராது. என் வீட்டுக்காரர் வாசிக்கிற பேஸ் மட்டும் தும் தும் என்று வெளியே கேட்கும். எனக்கு அது போதும். நான் எழுதிய பாட்டு எந்தச் சத்தத்தில் தொடங்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கட்டை மேலே தொடங்கியது. அங்கேயே ஓடி, அங்கேயே முடியப் பார்த்தது. என்னைக் கேட்காமல் என் பாட்டை ஏற்றியிருக்கிறார்கள். யாரோ பின்கதவைத் திறந்தார்கள், உள்ளேயிருந்து மொத்தமும் கொட்டியது. மகள் எழுந்து உட்கார்ந்து, "சித்தி பாட்டு" என்றாள்.

சித்தி பாட்டாம்! பெற்ற பிள்ளை சொல்கிறது.

எங்கள் குழுவின் பெயர் 'பழைய பேட்டரி'. வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பேட்டரிக் கடையின் பின்கட்டில்தான் பயிற்சி, அதனால் அந்தப் பெயர். அவர் பேஸ், தாடி என்று நாங்கள் கூப்பிடுகிறவன் கிதார், இடி என்கிறவன் டிரம்ஸ், நான் பாட்டு. என்னுடையது அடிக்குரல். அதற்காகத் தாடி தடித்த கம்பிகளாகப் பார்த்து மாட்டி, எல்லாவற்றையும் ஒரு கட்டை இறக்கி வைத்திருப்பான். வேறு எந்தக் குழுவுக்கும் இல்லாத கனமான சத்தம் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். உண்மையில் அது என் தொண்டையின் அளவு, அவ்வளவுதான். பிறகு மகள் வயிற்றில் வந்தாள், என்னால் மேடையில் நிற்க முடியவில்லை. என் தங்கை கைப்பேசிக் கடையில் விற்பனைப் பெண். குளியலறையைத் தவிர வேறெங்கும் பாடியதில்லை. "ஒரே ஒரு ஷோதானேக்கா" என்று சொல்லித்தான் மேடையேறினாள். இன்னும் இறங்கவில்லை. அதன் பிறகு நான் அவர்கள் ஷோவுக்குப் போனது, வேனில் உட்கார்ந்திருந்த அன்றுதான்.

இந்த சீசனில் இரண்டு மாதமாக வாரம் தவறாமல் ஷோ, இன்னும் ஒன்றுதான் பாக்கி. கல்லூரித் திடல், கடை வளாகத்தின் மொட்டைமாடி, புத்தகக் கண்காட்சி என்று கூப்பிட்ட இடமெல்லாம் கூட்டம் அலைமோதுகிறது. தங்கைக்குப் 'பட்டாசு' என்று பட்டம் வேறு. நான் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம் திறங்க என்று நாள் முழுக்க அடுத்தவர்களைக் கெஞ்சுகிறேன். என்னை வாயைத் திறக்கச் சொல்ல ஒரு ஆள் இல்லை. கூட வேலை பார்க்கும் பெண் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீடியோவைக் காட்டி, இது உங்க தங்கச்சியா என்று கேட்டாள். கீழே ஒருவன், இந்தப் பொண்ணு வந்த பிறகுதான் பேண்டுக்கே உயிர் வந்தது என்று எழுதியிருந்தான். ஆமாம் என் தங்கைதான் என்று பல்லைக் காட்டிச் சிரித்தேன். பொறாமையா என்றால் பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துக் கொஞ்ச எனக்கு விருப்பமில்லை. அவள் தலைமுடியைக் கோதுவது எரிச்சல், தண்ணீர் குடிப்பது எரிச்சல், என்னைக் கட்டிக்கொள்வது அதைவிட எரிச்சல்.

அன்று வீடு வந்து மகளைப் படுக்க வைத்ததும் கேட்டேன்.

"எப்ப ஏத்தினீங்க?"

"எத?"

"நடிக்காதீங்க. என் பாட்ட."

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னார். "அவளுக்குக் கீழ எட்டல. அதான் எல்லாத்தையும் நார்மலுக்குக் கொண்டுவந்துட்டோம்."

நார்மல்! அப்படியென்றால் இத்தனை வருடம் நான் பாடியது என்ன? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா என்று கேட்டேன். நீ திரும்பி வருவேன்னு சொல்லவே இல்லையே என்றார். நிஜம்தான், நான் சொல்லவில்லை. வருகிறாயா என்று அவர்களும் கேட்கவில்லை. நான் வருவேன் என்று நினைத்திருந்தால் தடித்த கம்பியைக் கழற்றியிருப்பார்களா? அவர்கள் கணக்கில் என் இடம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. எனக்குத்தான் அது கடைசியாகத் தெரிகிறது.

"கடைசி ஷோவுக்கு நான் வரேன். பாடறேன்" என்றேன். அவர் ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, மற்றவர்களிடம் சொல்லப் போனை எடுத்தார்.

தாடி தயங்கி இழுத்தானாம். தங்கைதான் சந்தோஷத்தில் குதித்திருக்கிறாள். மறுநாளே போன் செய்தாள். அக்காவை நடுவில் மேடைக்குக் கூப்பிடப் போகிறாளாம், அந்த ஒரு பாட்டுக்கு நான்தான் கெஸ்ட்டாம். "உன் கட்டையிலயே பாடுக்கா. நான் தாடிகிட்ட சண்டை போட்டு வாங்கிட்டேன்" என்றாள். என் பாட்டை எனக்கே சண்டை போட்டு வாங்கித் தருகிறாள். நன்றி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

கடைசி ஷோ சந்தைக்குப் பக்கத்துத் திடலில், வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியது. மகளை இடியின் மனைவியிடம் கொடுத்துவிட்டு மேடையோரம் நின்றேன். பாதி ஷோவில் தங்கை என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டாள். ஏறினேன். கூட்டம் கைதட்டியது, விருந்தாளிக்குத் தட்டுகிற அளவுக்கு. அப்புறம்தான் வினை. தாடி ஒரே ஒரு கிதாரைத்தான் கொண்டுவந்திருந்தான், அதிலும் மெல்லிய கம்பி. இறக்க இறக்க அது தொளதொளத்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நழுவியது. அவன் குனிந்து திருகிக்கொண்டே இருந்தான். வீட்டுக்காரர் தன் பேஸைத் திருகினார். பாடக் கூப்பிட்டுவிட்டு என்னைத் தூண் மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள். எனக்குக் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

மைக்கை விடாமல் தங்கை பேசினாள். சின்ன வயதில் அவளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பாடினால்தான் திறப்பேன் என்று நான் மிரட்டிய கதையைச் சொன்னாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தாடியின் கிதாரைக் காட்டி, "பொறுங்க, அக்காவுக்கு அளவெடுத்துத் தைக்கறாங்க" என்றாள். அதற்கும் சிரிப்பு. எனக்காகத்தான் சமாளிக்கிறாள், எனக்கே தெரிகிறது. இருந்தாலும் பட்டாசு பட்டாசு என்று திடலே கத்தியபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்தச் சிரிப்பு மேடையில் எனக்கு மட்டும் கிடைத்தது.

தாடி ஒருவழியாகத் தலையாட்டினான். தங்கை மைக்கை என்னிடம் நீட்டி, "கலக்குக்கா" என்று காதில் சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போனாள். மைக் அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் தலையில் அவளுடைய சிவப்பு உதட்டுச்சாயம் திட்டாக ஒட்டியிருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் சட்டைக் கையை இழுத்து அதைத் துடைத்துவிட்டேன். அழுத்தி, இரண்டு முறை. மைக் திறந்திருந்தது. கர்ர்ரக், கர்ர்ரக் என்று திடலின் எல்லா ஸ்பீக்கர்களிலும் அந்தச் சத்தம் போய், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

கூட்டம் அடங்கிப்போயிற்று. இடி குச்சிகளைத் தூக்கியவன் தூக்கியபடியே இருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். தங்கை சிரித்த முகம் மாறாமல்தான் நின்றாள், ஆனால் புறங்கையால் மெதுவாகத் தன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்க்காமல் குனிந்து, என் பாட்டின் முதல் அடியை ஒரு கட்டை கீழே வாசித்தார். மேடைப் பலகை என் காலுக்கடியில் அதிர்ந்தது. நான் நுழைய வேண்டிய இடம் வந்து போயிற்று. அவர் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.