வலை முடிச்சு

சனூஸாவுக்கு அந்த முத்திரை வேண்டியிருந்தது. பெருவிரல் அளவு இறப்பர் முத்திரை, அதில் ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஓர் எண்ணும். முடிந்த வயர்க் கட்டின் சீட்டில் அதைக் குத்துகிறவர் பரிசோதகர். பரிசோதகருக்குப் பகல் வேலை. மற்ற எல்லாரும் அடுத்த மாதம் முதல் இரவு வேலைக்கு மாறவேண்டும் என்று சீனக்குடாப் பக்கத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

இரவில் கிண்ணியாவுக்குக் கொம்பனி பஸ் இல்லை. இருந்தாலும் புருஷன் இக்ராம் விடப்போவதில்லை. "ராவைக்கு வேலை எண்டா வீட்ட இரு," என்று சோற்றைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொல்லியிருந்தான். மாமி தலையாட்டிக்கொண்டே அவனுக்கு இன்னொரு கரண்டி கறி விட்டாள். அவ்வளவுதான் வழக்கு. வீடு என்றால் மதில் மட்டும் தெரியும் குசினி யன்னல். தொழிற்சாலையில் அவளுடைய மேசைக்கு நேரே துறைமுகம். நங்கூரமிட்ட கப்பல்களின் பெயர்களைக் கண்ணைச் சுருக்கி வாசித்து, அவை போகும் ஊர்களை மனதுக்குள் தானே கட்டிக்கொள்வாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும்.

பரிசோதகர் பயிற்சி கொடுக்கக் கொழும்பில் இருந்து வந்தவர் தவராசா. முழுக்கை வெள்ளைச் சேட்டு, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி.

"பிள்ளையள், உங்கட அபிப்பிராயம் எனக்குத் தேவையில்லை," என்றுதான் முதல் நாளே தொடங்கினார். "வடிவா இருக்கு, உறுதியா இருக்கு, என்ர மாமான்ர மோட்டச்சைக்கிளில இப்பிடித்தான் இருக்கு, ஒண்டும் வேண்டாம். புத்தகம் என்ன சொல்லுது? ஏற்கலாமா, குறையா? அதை மட்டும் சொல்லுங்கோ."

"புத்தகம் சொல்லாட்டி, சேர்?" என்றாள் தேனுகா.

"சாமான் வாங்கிறவன் சொல்லுவான்."

"அவனும் சொல்லாட்டி?"

"அப்ப நீர் வாயை மூடிக்கொண்டு இரும்."

வகுப்பே சிரித்தது. எல்லாரிலும் தேனுகாதான் கூடச் சிரித்தாள்.

சல்லிக் கடற்கரையில் வளர்ந்தவள் தேனுகா. சனூஸாவுக்குப் பக்கத்து மேசை. சனூஸாவை அக்கா முறையில் "ராத்தா" என்று கூப்பிடப் பழகி, நோன்பு காலத்தில் அவளுக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்காதவள். இரண்டு பேருக்கும் ஒரே வேலை: வயர்களைச் சேர்த்து மெழுகு நூலால் இடைவிட்டு இடைவிட்டுக் கட்டுவது. இரட்டைச் சுற்று, அதன்மேல் இரண்டு முடிச்சு. ஆனால் அவசரத்தில் தேனுகாவின் விரல்கள் வேறொன்றைச் செய்துவிடும். சின்ன வயதிலிருந்தே கிழிந்த வலை பொத்திய விரல்கள் அவை. ஒரே சுண்டில் விழும் வலை முடிச்சு. தேநீர் நேரத்தில் சனூஸாவுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள், விளையாட்டுக்கு.

மேற்பார்வையாளர் கனகசுந்தரத்துக்கு அது விளையாட்டாகப் படவில்லை. "தங்கச்சி, இது கப்பல் கருவிக்குப் போற வயர். சூடை மீன் பிடிக்கிற வலை இல்லை. இன்னொருக்கா இந்த முடிச்சைக் கண்டனெண்டா நேர வீட்டதான்," என்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னார். அன்று முழுக்கத் தேனுகா இரட்டைச் சுற்றையே எண்ணி எண்ணிப் போட்டாள்.

சோதனை நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, திறந்த புத்தகம். மாதிரித் துண்டுகள் நிறைந்த தட்டு கை மாறிக் கை மாறி வரும். கதைக்கக் கூடாது. தவராசா விதியை மறுபடி சொன்னார். "நல்லதைக் குறையெண்டு எழுதினா மன்னிப்பன். குறையை நல்லதெண்டு விட்டா, ஒண்டெண்டாலும் பெயில். வெளியில போன குறை திரும்பி வராது."

சனூஸா ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள். ஒரு துண்டில் செப்பு இழையொன்று வயர் முனையை இறுக்கும் கவ்விக்கு வெளியே மயிர்போல நீட்டிக்கொண்டு நின்றது: குறை. இன்னொன்றில் உலோகக் கவ்வி வயரின் மேலுறையையும் சேர்த்துக் கடித்திருந்தது: குறை. அடுத்தது பார்க்க அவலட்சணம், ஆனால் புத்தகம் அனுமதிக்கிறது: ஏற்கலாம். தவராசா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு "ம்" என்று போனார். அந்த "ம்" அவளுக்குப் போதும். யன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

கடைசித் தட்டில் நூலால் கட்டிய துண்டு ஒன்று கிடந்தது. வலை முடிச்சு.

தேனுகாவின் கை. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. சனூஸா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். குறை என்று எழுதினால், தவராசா கனகசுந்தரத்திடம் காட்டுவார். கனகசுந்தரம் நேரே தேனுகாவிடம் வருவார். முன்வரிசையில் தேனுகாவின் பின்னல் தெரிந்தது. அந்தத் தட்டு அவளைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. பாவம், என்ன எழுதியிருப்பாள்? தன் கழுத்துக்குத் தானே கயிறு போடுவாளா?

ஏற்கலாம், என்று எழுதினாள் சனூஸா. எழுதும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. யாரும் அறியாமல் ஒரு பெரிய பரிசைக் கொடுத்தவளைப்போல இருந்தது அவளுக்கு.

பின்னேரம் தவராசா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "மற்றதெல்லாம் உம்மைப்போல ஒருத்தரும் செய்யேல்லை. இதை மட்டும் எப்பிடி விட்டனீர்? நீர் நாளாந்தம் கட்டுற கட்டல்லோ?"

சனூஸா அந்தத் துண்டைத் தட்டில் திருப்பி வைத்தாள். காரணம் சொன்னால் தேனுகாவின் பெயரைச் சொல்ல வேண்டும்.

தேனுகா பாஸ். முத்திரையை அன்றே கொடுத்துவிட்டார்கள்.

தண்ணீர்க் குழாயடியில் இருவரும் சந்தித்தார்கள்.

"ராத்தா, என்ன நடந்தது உங்களுக்கு? அந்த முடிச்சைப்போய் விட்டிருக்கிறீங்கள்!"

"அது உன்ட முடிச்சு, தேனு."

"ஓம், என்ரதான். எனக்குப் பேச்சு வாங்கித் தந்த அதே துண்டு. கழிவுப் பெட்டிக்குள்ள இருந்து சேர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கண்ட உடன குறையெண்டு எழுதிட்டன்."

"நான் உன்ன வேலையால நிப்பாட்டிடுவாங்களெண்டு..."

தேனுகாவின் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு குழாயை இறுக்கி மூடினாள். "நான் கேட்டனானா, ராத்தா?"

"இல்ல."

"எனக்கெண்டா ராவு வேலையும் ஏலும். அண்ணா வந்து ஏத்துவான். உங்களுக்குத்தானே ஏலாது. அதை ஏன் யோசிக்கேல்லை?"

அப்படியானால் நீ ஏன் குறையென்று எழுதினாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்காமலே பதில் அவளுக்குத் தெரியும்: புத்தகம் சொன்னது, எழுதினாள். சனூஸா முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

அந்த மாதத்தின் கடைசி நாள். மாலை பஸ்ஸுக்கு முன் சனூஸா தன் கடைசிக் கட்டை முடித்தாள். எல்லாக் கட்டும் இரட்டைச் சுற்று. நடுவில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே வலை முடிச்சாகப் போட்டு, பலமாகச் சுண்டி இறுக்கி, தேனுகாவின் பரிசோதனை மேசையில் கொண்டுபோய் வைத்தாள். தன் இடத்துக்குத் திரும்பிவந்து, தேனு இதை விட்டுவிடுவாளா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேனுகா விரலை ஓட்டினாள். நடுவில் விரல் நின்றது. அவள் அதைக் கண்டுகொண்டாள். யாருடைய கை, ஏன் போட்டது என்பதையும் கண்டுகொண்டாள். முத்திரை பக்கத்திலேயே இருந்தது. நிமிர்ந்து பார்க்காமல், குறைக்கு ஒட்டும் சிவப்பு ஒட்டியை உரித்து முடிச்சின்மேல் ஒட்டினாள்.

"ராத்தா, இதை வெட்டித் திருப்பிக் கட்டித் தாங்கோ," என்றாள், மரியாதையாக.

சனூஸா நூலைக் கத்தியால் வெட்டினாள். கீழே நீல வயரின் மேலுறையில் நூல் பதிந்து, நகத்தால் கீறியதுபோல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தடவித் தடவிப் பார்த்தாள். மறையவில்லை. இனி அந்த வயரையே மாற்ற வேண்டும்.

வெளியே கிண்ணியா பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் புது வயரை அளந்து வெட்டத் தொடங்கினாள்.