பின் சக்கரத்துக் காற்று

பாகம் பிரித்தபோது நிலத்தை இரண்டாக்க முடிந்தது, டிராக்டரை முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் அண்ணனுக்கு, மூன்று நாள் தங்கைக்கு என்று பேசி முடித்தார்கள். அதன்பின் சாவி கை மாறும்போது மட்டும்தான் இருவருக்கும் பேச்சு.

தங்கை டிரெய்லரில் மக்காச்சோள மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் கிடங்குக்குப் போய்வருவாள். ஒரு வியாழக்கிழமை காலை, அண்ணனிடமிருந்து வந்த வண்டியில் பாதி மூட்டை ஏற்றுவதற்குள் பின்சக்கரம் இரண்டும் தொந்தி சரிந்த மாதிரி பிதுங்கிவிட்டன. காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தாள். அவள் இருபத்திரண்டு பாயிண்ட் காற்று அடித்து அனுப்பிய டயரில் எட்டுதான் இருந்தது.

டயர் கடைக்காரர் இரண்டு டயரிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"முள்ளும் இல்ல, ஆணியும் இல்லம்மா. காத்து தானா போகல. யாரோ இறக்கியிருக்காங்க."

அந்த 'யாரோ' அவள் மனதில் முள்ளாய்த் தைத்தது. அடுத்த முறையும் எட்டு. அண்ணனிடம் கேட்கவில்லை, கேட்டால் உஷாராகிவிடுவான். வண்டியை அனுப்புவதற்கு முன் வால்வு மூடியிலிருந்து தண்டு வரைக்கும் சிவப்பு நகப்பூச்சால் மெல்லிய கோடு இழுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது மூடிக்கோடு ஒரு பக்கமும் தண்டுக்கோடு ஒரு பக்கமும் இருந்தன.

அவள் கணவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "நேரா கேட்டுடேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. காத்து இல்லாத டயர்ல நான் லோடு அடிச்சா அது ஒரு மாசத்துல கிழியும். அப்புறம் அவன், 'உனக்கு வண்டி வச்சுக்கத் தெரியல'ன்னு சொல்லி முழுசா எடுத்துக்கலாம்ல?"

அடுத்த திங்கள்கிழமை அண்ணனின் முறை. பொழுது ஏறியதும் அவன் வயலுக்கு நடந்தாள். வரப்போரத்தில் டிராக்டர் நின்றது. பின்சக்கரத்தின் பக்கத்தில் அண்ணன் குத்துக்காலிட்டு, வால்வில் குச்சியை அழுத்திக்கொண்டிருந்தான். புஸ்ஸென்ற சத்தத்தில் அவள் வந்தது அவனுக்குக் கேட்கவில்லை.

"கையும் களவுமா பிடிச்சிட்டேன்" என்றாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். மிரளவில்லை, எரிச்சல்தான் முகத்தில் தெரிந்தது.

"நீ யாரைப் பிடிக்கறது? வாரா வாரம் கல்லு மாதிரி ஏத்தி அனுப்பறது நீ. ஈர மண்ணுல சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது. உழுத மண்ணு அழுந்திப் பலகையாகுது. என் நிலம் வீணாகட்டும்னுதானே?"

"மூட்டை ஏத்தினா டயர் மடங்கிச் சூடாகுதே, அது உனக்குத் தெரியாதா? எட்டு பாயிண்ட்ல யாரு வண்டி ஓட்டுவா?"

"எட்டா? நான் பன்னெண்டுக்குக் கீழ இறக்கினதே இல்ல."

பொய் சொல்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மடியிலிருந்த கேஜை எடுத்து, அவன் இறக்கி முடித்திருந்த மற்ற சக்கரத்தில் வைத்தாள். எட்டு. அண்ணன் தன்னுடையதை வைத்தான். பன்னிரண்டு. டயர் கடைக்குப் போனார்கள், அங்கும் பன்னிரண்டு. கடைக்காரர் அண்ணனோடு படித்தவர் என்பது அவளுக்கு நினைவு வந்தது. தனியாகப் பெட்ரோல் பங்குக்கு ஓட்டிப் போனாள். அங்கும் பன்னிரண்டுதான்.

அப்படியென்றால் அவள் கேஜ்தான் நான்கு குறைத்துக் காட்டுகிறது, அவள் இருபத்திரண்டு என்று நினைத்து அடித்ததெல்லாம் இருபத்தாறு. அந்தக் காற்றோடுதான் தன் வயலையும் உழுதிருக்கிறாள். சக்கரத்தடம் போன வரிசையில் மட்டும் பயிர் முழங்காலளவில் நின்றுபோனதற்கு விதைக்காரனையல்லவா சந்தேகப்பட்டாள்.

மாலையில் அண்ணன் மண்வெட்டியோடு அவள் வயலுக்கு வந்தான். தடத்தில் வெட்டினான். ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்று நின்றது. அவள் குனிந்து அந்தக் கட்டியைக் கையில் எடுத்தாள். நகத்தால் கீறினாலும் உதிரவில்லை.

"வயல்ல இறங்கறப்ப பன்னெண்டு, ரோட்டுக்கு லோடோட போறப்ப இருபத்திரண்டு" என்றான் அண்ணன். "யாரு எடுக்கறாங்களோ அவங்களே பார்த்து வச்சுக்கணும். என் கேஜ் வண்டியிலயே கிடக்கட்டும்."

"சரி" என்றாள்.

அவன் மண்வெட்டியைத் துடைத்தபடி கேட்டான். "நான் எதுக்குக் காத்தை இறக்கறேன்னு நினைச்சே?"

மறைக்காமல் சொன்னாள். டயரைக் கிழிய வைத்து, பழியை அவள்மேல் போட்டு, வண்டியைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்று நினைத்ததைச் சொன்னாள். அண்ணன் மண்வெட்டியைத் தோளில் வைத்தான்.

"நான் உன்னைப் பத்தி நினைச்சது இதைவிட மோசம்" என்றான்.

"என்ன நினைச்சே?"

"விடு."

அவன் வரப்பில் ஏறி நடந்தான். நிலம் வீணாகட்டும் என்பதையும்விட மோசமாக என்ன நினைத்திருப்பான் என்று யோசித்தபடி, கையிலிருந்த மண்கட்டியைக் கீழே போடாமல் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.