ஹாரனுக்கு ஒரு காலிங்பெல் சுவிட்ச்

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் ஒரு காருக்கு நோவு என்றால் ஒன்பது வீட்டிலிருந்து மருந்து வரும். எதிர்வீட்டு ஜன்னத்தின் காரில் ஹாரன் செத்து, ஏர்பேக் விளக்கு சிவப்பாக நின்று எரியத் தொடங்கிய வாரம், நானே இரண்டு மருந்து சொன்னேன். எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஜன்னத்தின் புருஷன் ஷஃபியுல்லா குவைத்தில் இருக்கிறான். அவன் தம்பி காமில் பெரம்பலூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். கடையிலிருந்து ஒரு காலிங்பெல் சுவிட்சைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இத டேஷ்போர்டுல ஒட்டி ஒயர இழுத்துட்டா ஹாரன் ரெடி மச்சி. அந்த லைட்டு மேல கறுப்பு டேப்ப ஒட்டிடலாம்."

"ஏர்பேக்கு?" என்றாள் ஜன்னத்.

"அது எதுக்கு? நீங்க என்ன மலையேறவா போறீங்க?"

மச்சி என்று அவன் கூப்பிடும் அண்ணி, ஜன்னத், வேண்டாம் என்றாள். காமிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கே குவைத்துக்குப் போன் போனது. கெட்டுப்போன வண்டி எதற்கு, விற்றுவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாங்குகிற ஆள் பார்க்க வருவதாக ஏற்பாடு.

கார் போனால் ஜன்னத்துக்கு என்ன போகும் என்று தெருவுக்கே தெரியும். அவள் அம்மா அரியலூரில் தனியாக இருக்கிறாள். புருஷன் வீட்டில் மருமகளைத் தனியாக பஸ் ஏற்ற மனசு வராது. காமிலுக்கு நேரம் ஒழிந்தால்தான் அம்மாவைப் பார்க்கலாம், அவனுக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஒழியும். லைசென்ஸ் எடுத்த பிறகு சனிக்கிழமைதோறும் அவளே ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அந்த ரோட்டில் ஹாரன் இல்லாமல் போவது நடக்காத காரியம்.

வியாழன் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அவள் பானெட்டைத் திறந்தாள். நான் கையில் டீயோடு போய் நின்றேன். சும்மாதான்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஆட்டோமொபைல் படித்து டிப்ளமோ வாங்கியவள் அவள். அந்தச் சான்றிதழ் பீரோவில் சேலைக்கடியில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது கார் கம்பெனியின் ரிப்பேர் புத்தகப் பக்கங்களை அச்செடுத்து வைத்திருந்தாள். சாவியை உருவினாள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, அது திரும்பப் போய் ஒட்டாமல் துணி சுற்றினாள். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, வேலை முடிஞ்சுதா?"

"அரை மணி நேரம் போகட்டும் மாமி. பேட்டரியக் கழட்டினாலும் ஏர்பேக்க வெடிக்க வைக்கிற கரண்டு உள்ள கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்."

அந்த அரை மணிக்குள் காமில் பைக்கில் வந்து, அதைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினான்.

"மச்சி, ஆளு வந்துக்கிட்டு இருக்காரு. ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். ஒயர மாட்டுங்க."

"மாட்ட முடியாது."

"அண்ணனுக்குப் போன் போடவா?"

"போடுங்க. அவுகளும் பாக்கட்டும்."

வீடியோவில் ஷஃபியுல்லா வந்தான். அவள் எழுந்து, உடம்பில் ஒட்டியிருக்கிற கரண்டு போகக் காரின் இரும்பைத் தொட்டுவிட்டு, ஸ்டீயரிங்கின் பின்பக்கம் இருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றினாள். நடு மூடி, உள்ளிருக்கும் ஏர்பேக்கோடு சேர்ந்து கையில் வந்தது. அதன் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர்.

காமில் பேட்டரி போட்ட டெஸ்டரை எடுத்தான். "கரண்டு வருதான்னு ஒரு தடவ தொட்டுப் பாத்துடுறேன்."

"அத உள்ள வைங்க தம்பி." அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த டெஸ்டர்லேருந்து போற துளி கரண்டே போதும், பை உங்க மூஞ்சியில வெடிக்கும். இது காலிங்பெல் இல்ல."

போனுக்குள் ஷஃபியுல்லா, "ஜன்னத், ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான்.

"என் வண்டி, நான் பாக்குறேன்."

கனெக்டரின் பூட்டை நிமிண்டி, ஒயரை இழுக்காமல் பிரித்தாள். ஏர்பேக்கின் முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய், முற்றத்தின் கடைசியில் நிழலில், முகம் மேலே பார்க்க வைத்தாள். தட்டையாக, வழவழப்பாக இருந்தது. நான் டீ டம்ளரை அதன்மேல் வைத்தேன்.

"மாமி, எடுங்க. தப்பித் தவறி வெடிச்சா டம்ளரு குவைத்துல போய் எறங்கும்."

எடுத்துவிட்டேன். பத்தடி தள்ளியும் நின்றேன். குப்புற வைத்தால் ஆகாதா என்று கேட்டதற்கு, அப்படி வைத்தால் அதுவே ராக்கெட் மாதிரிக் கிளம்பும் என்றாள். அதன் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்து, அடையாளம் போட்டு ஸ்டீயரிங்கைக் கழற்றினாள். உள்ளே சுருண்டு கிடந்த நாடா போன்ற கேபிள் ஓரிடத்தில் அறுந்திருந்தது. ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் அது ஒன்றுதான் வழி. இரண்டும் சேர்ந்து கெட்டபோதே ஊகித்து, திருச்சியிலிருந்து வரவழைத்து வைத்திருந்த புதுக் கேபிளை வைத்தாள். கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பிடித்து எல்லாவற்றையும் பூட்டினாள். காருக்குள் ஒருத்தரும் இல்லாதபோது பேட்டரியை மாட்டினாள். வெளியிலேயே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. காமில் சிரிக்கத் தயாரானான். நான் ஏழு எண்ணுவதற்குள் விளக்கு அணைந்தது.

அவன் போன் அடித்தது. "ஆளு பாலத்துக்கிட்ட வந்துட்டாராம்," என்றான் மெதுவாக.

"விக்கிறதுக்கில்லன்னு சொல்லிடுங்க. ஆர்.சி. என் பேருல இருக்கு, கையெழுத்து நான்தான் போடணும். கெட்டுப்போன வண்டின்னு சொன்னீங்க, வாய மூடிக்கிட்டேன். இப்ப கெடல."

ஆர்.சி. அவள் பெயரில் இருப்பது எனக்கே தெரியாது. பன்னிரண்டு வருடம் எதிர்வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம்.

உள்ளே போய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பையோடு வந்தாள். இன்றைக்குச் சனிக்கிழமை இல்லையே என்றேன்.

"தெரியும் மாமி."

காரில் ஏறி பெல்ட்டைப் போட்டாள். கேட்டுக்குக் குறுக்கே காமிலின் பைக் நின்றது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் கையை ஸ்டீயரிங்கின் நடுவில் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை. ஒன்பது வீட்டிலும் கதவு திறந்தது.

"என்ன சத்தம் அது?" என்றது குவைத்.

காமில் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனான்.