லேத்துக்குக் கொடுத்த பூமுடி

சிவகாமசுந்தரி ஹட்டன் ஸ்டேஷனில் முக்காடு போட்டுக்கொண்டு இறங்கினாள். குளிருக்காக்கும் என்று அப்பா சிதம்பரநாதன் நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து முக்காட்டை எடுத்ததும் அம்மா நாகலெட்சுமி கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே போட்டாள். இடுப்புவரை தொங்கிய பின்னலைக் காணோம். முடி கழுத்தோடு நின்றது.

"என்னடி இது கோலம்?"

"லேத்துல மாட்டிக்கிச்சும்மா."

கொழும்பில் இயந்திரப் பொறியியல் படிக்கிற பெண்ணுக்கு லேத் என்பது இரும்பைச் சுழலவிட்டுச் சீவுகிற மெஷின். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது ஏதோ பேய். குனிந்து வேலை பார்த்தபோது கொண்டை அவிழ்ந்து, பின்னல் நுனியைச் சுழலும் இரும்பு சுற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்றவன் சட்டென்று நிறுத்தியதால் தலை தப்பியது. இவ்வளவு முடியோடு இனி மெஷின் பக்கம் வராதே என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். மெஷினைத் தொடாமல் எப்படிப் பாஸாவது? அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

நாகலெட்சுமியின் காதில் இது எதுவும் ஏறவில்லை. மறுநாள் மஸ்கெலியாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். தந்தியடித்து மகளை வரவழைத்ததே அதற்குத்தான். தாலி ஏறினால் படிப்புக்கு முழுக்கு என்று சுந்தரிக்கும் தெரியும். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. திங்கட்கிழமை பட்டறைத் தேர்வு வேறு. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ரயில் ஊதும்போதெல்லாம் கொழும்புக்குப் போகிறதா, பதுளைக்குப் போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா சண்முகவடிவு வந்து உட்காரக்கூட இல்லை, கண் நேரே தலைக்குப் போனது.

"என்னங்க, பொண்ணுக்கு முடி..." என்று இழுத்தாள்.

"கதிர்காமத்துக்குப் பூமுடி குடுத்தா" என்றாள் நாகலெட்சுமி, கண்ணிமைக்காமல்.

பூமுடி என்றால் மூன்று விரற்கடை நறுக்கிக் கொடுப்பது. இத்தனை தாராளமான பூமுடியை முருகனே கண்டிருக்கமாட்டான். ஆனால் சண்முகவடிவு பக்திக்காரி. அப்படியே உருகிப்போனாள்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா! என்ன வேண்டுதலுங்க?"

"நல்ல எடமா அமையணும்னுதான்."

"அப்ப முருகன் கண்ணத் தொறந்துட்டான்! தையிலயே வச்சிருவோம். படிச்ச வரைக்கும் போதும். அதுக்குள்ள முடியும் கொஞ்சம் வளந்துரும்."

அப்பா தாம்பாளத்தை எடுக்க எழுந்துவிட்டார். லேத் கதையைச் சொன்னால் அம்மா நாலு பேர் முன்னால் பொய்க்காரியாவாள். சொல்லாவிட்டால் தையில் கழுத்தை நீட்ட வேண்டும். சுந்தரிக்கு அம்மாமேல் ஆத்திரம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அம்மா பாதிதான் சொன்னாங்க அத்தை" என்றாள். "பட்டம் வாங்கணும், அதுக்கப்புறம் நல்ல எடம் அமையணும்னு நேந்துக்கிட்டேன். முந்தினத முடிக்காம பிந்தினதுக்குப் போனா சாமி குத்தமாயிருமே. போற வீட்டுக்குல்ல ஆகாது?"

சண்முகவடிவின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கதிர்காமத்தானோடு வம்புக்குப் போக யாருக்குத் துணிச்சல் வரும்?

"மொதல்ல பட்டத்த வாங்கட்டுங்க. நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மாப்பிள்ளைப் பையன் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டதோடு சரி.

அவர்கள் தலை மறைந்ததும் நாகலெட்சுமி பாய்ந்தாள். "சாமி பேருல பொய் சொல்லிட்டியேடி, பாவி!"

"நீங்க ஆரம்பிச்சீங்க, நான் முடிச்சு வச்சேன்."

சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க முடியாது, மெய்யாக்க மட்டும்தான் முடியும். நாகலெட்சுமி மகளைக் கையோடு இழுத்துப்போய் முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தாள். "என் மக இஞ்சினியர் பட்டம் வாங்கணும் முருகா" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். பொம்பளைப் பிள்ளைக்கு இரும்போடு என்ன வேலை என்று இத்தனை நாளும் கரித்துக்கொட்டிய அதே வாய். சுந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலடிக்கு அம்மாவே வந்தாள். பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒழுங்காப் படிடி. நீ பெயிலாப் போனா நான் முருகன் மொகத்துல எப்படி முழிக்கிறது?"