நொடிக்கு இருநூறு டிகிரி

பக்கவாதம் வந்து இடது காலும் கையும் பாதி செத்துப்போன பிறகு, தாராவி வீட்டின் மேல் அறையே வானமாமலைக்கு உலகமாகிவிட்டது. கீழே வர ஒரே வழி, இரண்டு சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்க வேண்டும். அடியில் ஒரு கதவு. பக்கத்தில் பிளாஸ்டிக் அரைக்கும் மிஷின் ஓடுவதால், தூசிக்குப் பயந்து அதை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள்.

மகள் பிரபாவதிக்குக் கோவண்டியில் வேலை. வயதானவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட்டுகள் அந்தப் பட்டறையில் தயாராகின்றன. உள்ளே துவரம்பருப்பளவு ஜைரோஸ்கோப் சிப். உடம்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை மட்டும் அது அளக்கும். நொடிக்கு நூறு டிகிரியைத் தாண்டினால் வீட்டாரின் போனில் மணி அடிக்கும். அப்பா தனியாக ஏணியில் இறங்கி விழுந்துவிடுவாரோ என்று அவருக்கும் ஒன்றைக் கட்டிவிட்டாள்.

"ஏட்டி, மாட்டுக்கு மணி கெட்டுன மாதிரி கெட்டிட்டியே. பால் கறக்க எப்ப வருவ?" என்றார் அவர்.

ஆனால் அவர் சாப்பிட உட்கார்ந்தாலே மணி அடித்தது. பலமில்லாத பக்கம் பொத்தென்று சரிந்துதான் அவரால் உட்கார முடியும். ஒரே வாரத்தில் பதினொரு தடவை அடித்தது. நான்கு தடவை பாதி வேலையில் ஓடிவந்தாள்.

"மனுசன் ஒரு வாய் சோத்துக்கு உக்காரக் கூடாதா? இன்னொரு மட்டம் அடிச்சுன்னா கழத்தி வீசிருவேன், பாத்துக்க!"

கழற்றிவிடுவாரே என்று பயந்து எல்லையை இருநூறாக்கினாள். மணி ஓய்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் போனில் அப்பாவின் பெல்ட் அனுப்பும் வரைபடத்தைப் பார்த்தாள். கோடு கிட்டத்தட்டப் பூஜ்யத்திலேயே ஓடியது. இடையில் சின்னச் சின்ன மேடுகள்.

"எங்கப்பா இன்னைக்குச் சமத்தா இருக்காரு" என்று பக்கத்து மேஜை உஸாமாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்தது.

வீட்டுக்கு ஓடினால் கீழ்க்கதவு திறக்கவில்லை. உள்ளே அவர் அதன்மேல் சாய்ந்து கிடந்தார். பக்கத்து வீட்டு நஜ்முன்னிசாவும் சேர்ந்து தள்ளித்தான் திறந்தார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருடைய இடதுகால் செருப்பு ஏணியின் பாதி உயரத்தில், படிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அன்றைய பதிவைத் திறந்தாள். பதினொன்றுக்கு இறங்கத் தொடங்கியிருக்கிறார். பாதியில் கால் மாட்டிக்கொண்டது. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், ஒற்றைக் கையில் கயிற்றைப் பிடித்தபடி ஒன்றே முக்கால் மணி நேரம். கூப்பிட்டிருப்பார், மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அசையாமல் தொங்குகிறவருக்கும் அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கும் சிப் ஒரே பூஜ்யத்தைத்தான் காட்டும். மூன்று தடவை உடம்பை முறுக்கிக் காலை விடுவிக்கப் பார்த்திருக்கிறார். நூற்றிருபது, நூற்று நாற்பது, நூற்று முப்பத்தைந்து.

மாட்டுங்காவிலிருந்து வரும் முதலாளி வேங்கடசுப்ரமணியன் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"மனசைத் தேத்திக்கோம்மா. விழுந்த ரெண்டாவது செகண்ட்ல அலாரம் அடிச்சிருக்கு. நம்ம பெல்ட் மேல ஒரு தப்பும் இல்லே. நீ சரின்னா, பேர் போடாம அந்த ரெக்கார்டைப் புதுசா பெல்ட் வாங்க வரவாளுக்குக் காட்டலாம்."

"லிமிட்டை நான்தான் கூட்டி வச்சேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் கூட்டத்தாம்மா செய்யறா. இல்லேன்னா ஒருத்தரும் இடுப்புல கட்டிக்க மாட்டா."

திட்டுவார் என்று நினைத்துத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். தன் மேஜைக்குத் திரும்பி, அன்றைக்கு அனுப்ப வேண்டிய பெல்ட்டுகளில் முதலாவதைக் கையில் எடுத்தாள்.