முதலில் அகப்படும் பொத்தான்

"வியாழக்கிழமை எனக்குப் பகல் டியூட்டி போட்டுட்டாங்க" என்றான் கணவன், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையில்தான் அவளுக்குக் கழுத்துக் கட்டியை எடுக்கும் ஆபரேஷன். அவன் நர்ஸாக வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில்தான். மேல் மாடியில் அவள் மயக்கத்தில் கிடக்கும்போது கீழ் மாடியில் அவன் யாருக்கோ சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருப்பான்.

"லீவு போட்டாச்சுன்னு சொன்னீங்களே."

"போட்டேன். வார்டு கம்ப்யூட்டர்ல பட்டனை அழுத்துனேன். அது போகலன்னா நான் என்ன பண்றது?"

"அந்த பட்டன் நல்லாத்தான் இருக்கு. தினமும் காலைல நான்தானே அழுத்திப் பாக்கறேன்."

"நீ அழுத்துறியா, உன் ப்ரோகிராம் அழுத்துதா?" என்று கேட்டுவிட்டு அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

அவனுடைய ஆச்சுகளை நம்பி அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா என்றால் ஆச்சு என்பான். பாதிச் சமையலில் அடுப்பு அணைந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டாள். இது அப்படியல்ல. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தனக்கென்று ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். தனியாகப் போய்ப் படுக்கப் பயமாக இருந்தது. அதைவிட, வராமல் இருக்க அவன் சாக்குத் தேடுகிறானோ என்ற நினைப்புதான் தொண்டையை அடைத்தது. கட்டியும் அங்கேதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

அந்த ஆஸ்பத்திரியில் வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை. வார்டு பொறுப்பாளரின் காலில் விழுந்து கேட்டாலும், "பேஜ்ல போடுங்க" என்றுதான் பதில் வரும். இன்று இரவுக்குள் போட்டால் மாற்று ஆள் ஏற்பாடு செய்ய முடியும். விடுப்புக்கான அந்த இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்தது அவளுடைய கம்பெனி. அதில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய வேலை.

கையால் பார்ப்பதில்லை. ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் நிரலில், அதாவது தன் ப்ரோகிராமில், ஒரு உறை செய்து வைத்திருந்தாள். பொத்தான் எந்த மூலையில், எந்தப் பெட்டிக்குள், என்ன அடையாளத்தோடு ஒளிந்திருக்கிறது என்ற தலைவலியெல்லாம் அந்த உறைக்குள் அடங்கிவிடும். வெளியே நின்று, "விடுப்புப் பக்கமே, விண்ணப்பத்தை அனுப்பு" என்றால் போதும். அது போய்த் தேடிப் பிடித்து, அழுத்தி, அனுப்பியாச்சு என்று வந்து சொல்லும். எல்லாம் சரியென்றால் சோதனை பச்சையாகும், இல்லையென்றால் சிவப்பாகும். பக்கத்தையே இடித்துக் கட்டினாலும் உறைக்குள் ஒரு வரியை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும். ஆபீசில் அவளுடைய உறைகளுக்கு நல்ல பெயர். வார்டுகளிலிருந்து அவ்வப்போது "பட்டன் வேலை செய்யல" என்று புகார் வரும்போதெல்லாம் அவள் பச்சை வரிசையை அனுப்பி வாயடைத்துவிடுவாள்.

அன்றும் எல்லாம் பச்சைதான். அது அவளுக்கு எரிச்சலைத் தந்தது. பச்சை என்றால் அவன் பொய் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்யை ஒரு வீடியோவாக எடுத்து அவன் முன்னால் வைக்க வேண்டும் என்று தோன்றியது. சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு கற்பனை ஆளின் பெயரில் பக்கத்தைத் திறந்து, தேதியைப் போட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாகத் தன் விரலால் அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கிணற்றில் போட்ட கல்லுக்காவது சத்தம் உண்டு. மறுபடி அழுத்தினாள். மவுஸில்தான் கோளாறோ என்று வேறு இடத்தில் சொடுக்கிப் பார்த்தாள். அங்கெல்லாம் சரியாக இருந்தது. சோதனையை ஓட்டினாள். பச்சை. விரலால் அழுத்தினாள். மௌனம். மறுபடி சோதனை, மறுபடி பச்சை. பேய் பிசாசில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் அந்த நேரத்தில் இருந்தால் தேவலை என்று பட்டது. அதற்காவது ஒரு விளக்கம் இருக்கும்.

பக்கத்தைக் கட்டுகிறவனைக் கூப்பிட்டாள். எல்லாம் நேற்றே முடிந்திருக்க வேண்டும் என்று நிற்பவன் என்பதால் ஆபீசில் அவனுக்கு அவசரம் என்று பெயர். அவன் தன் போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து ஒரு தட்டு தட்டினான். விண்ணப்பம் ஜோராகப் போயிற்று.

"வேலை செய்யுதே அக்கா."

"இங்க அழுத்திப் பாரு."

அழுத்தினான். ஒருமுறை அவளையும் ஒருமுறை திரையையும் பார்த்தான். "செய்யலையே."

"டெஸ்ட் பச்சை காட்டுது."

"அப்ப செய்யுது."

"உன் கண்ணால பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். அதான் குழப்பமா இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டான். அவன் எதற்காகவும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். தீர விசாரிக்க உறையைத்தான் பிரிக்க வேண்டும். பிரித்து, "அனுப்பு என்றால் நீ எதைக் கண்டுபிடிக்கிறாய்?" என்று அதையே கேட்கும்படி ஒரு வரி எழுதினாள். ஒரே அடையாளத்தில் இரண்டு பொத்தான்கள் என்று பதில் வந்தது. பக்கத்தைப் புதுப்பித்தபோது போனுக்கு ஒன்று, பெரிய திரைக்கு ஒன்று என்று அவசரம் இரண்டு வைத்திருந்தான். பெரிய திரையில் போன் பொத்தான் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பக்கத்துக்குள் இருக்கும். உறை முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டது. அது அந்த மறைந்த பொத்தான். மறைந்ததை அழுத்த முடியாது என்று சோதனை ஒருநாள் சிவப்பில் கத்தியதும், அவசரம் வாசலில் நின்று நச்சரித்ததும், "தெரிகிறதா என்று பார்க்காதே, அழுத்து" என்று ஒரு வரியை அவளே சேர்த்ததும் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து உறை யாருக்கும் தெரியாத ஒரு பொத்தானை அழுத்தி, ஆச்சு ஆச்சு என்று வந்து சொல்லிக்கொண்டிருந்தது. வார்டில் எல்லாரும் பார்க்கிற பொத்தான் செத்துக் கிடந்தது.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடு என்று வரியை மாற்றினாள். வரிசை முழுக்கச் சிவந்தது. அவசரம் தலையில் கை வைத்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கணவன் பொய் சொல்லவில்லை. அழுத்தியிருக்கிறான். காலையில் அவனைப் பற்றி நினைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அவசரம் பொத்தானுக்கு உயிர் கொடுத்துவிட்டான். அவள் அதைத் தன் விரலாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டில் கணவன் சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. பட்டன் செத்துத்தான் கிடந்துச்சு. தப்பு என் பக்கம்" என்றாள். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று அவன் குதிப்பான், ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லியே கொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். அதைக் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

அவன் குதிக்கவில்லை. மேஜையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினான்.

"அழுத்துனது நெஜம்" என்றான். "ஒண்ணும் வரல. வரலன்னு அப்பவே தெரியும்."

"அப்புறம்?"

"இன்னொரு தடவை அழுத்தல. போன்லயும் போட்டுப் பாக்கல. கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த தியேட்டர் வாசல் பெஞ்சுல உக்காந்திருக்கறவங்களைத் தினமும் பாக்கறேன். உள்ளேருந்து யாராவது கதவைத் திறந்தா அவங்க மூஞ்சி போற போக்கு இருக்கே. மத்தவங்களுக்கு ஊசி போட எனக்குக் கை நடுங்காது. அந்த பெஞ்சுல உக்கார என்னால முடியுமான்னு தெரியல." குரல் உடைந்தது. "வரக் கூடாதுன்னு இல்ல. வரணும்னுதான் அழுத்துனேன்."

அவளுக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வந்தது, ஆனால் நிற்க இடமில்லாமல் அலைந்தது. அழுத்தினான் என்பது உண்மை, அழுத்தவில்லை என்பதும் உண்மை. வாழ்க்கை முழுக்கப் பச்சையா சிவப்பா என்று மட்டும் கேட்டுப் பழகியவளுக்கு இதை எந்தப் பக்கம் வைப்பதென்று விளங்கவில்லை. அவன் மேல் இரக்கம் வந்ததுதான் எல்லாவற்றையும்விடக் குழப்பமாக இருந்தது.

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்து, விடுப்புப் பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். அவன் தன் பெயரில் நுழைந்தான், வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தான். காரணம் என்ற இடத்தில் 'மனைவி' என்று மட்டும் அடித்தான்.

"இப்ப வேலை செய்யுமா?" என்று கேட்டான்.

"செய்யும்."

"நல்லாப் பாத்தியா?"

"என் கையால பாத்தேன்."

அவன் விரல் நகர்ந்தது. திரையில் அம்புக்குறி மெல்ல ஏறி, பொத்தானின் மேல் வந்ததும் ஒரு சின்னக் கையாக மாறியது. அந்தக் கை அழுத்தாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.